மாட்டாஸ்பத்திரிக்கு வந்த கிழட்டுப் பூனை

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்காகப் பேசியதை வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் ராஜா கதையும் இல்லை, போர்க் கதையும் இல்லை. ஒரு பூனையோட முதுகுல இருந்த பொடுகுல இருந்து ஆரம்பிக்கப் போறேன். சிரிக்காதீங்க. அந்தப் பொடுகு என்னை மாமல்லபுரம் வரைக்கும், தொல்காப்பியம் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

எங்க ஊர் நெல்லிக்குப்பம். கடலூர்ல இருந்து பண்ருட்டி போற வழியில இருக்கு. ஊரைப் பார்க்காதவங்களுக்குக்கூட அங்க இருக்குற சர்க்கரை ஆலையைத் தெரிஞ்சிருக்கும். 1842-ல் தொடங்கினது, இந்தியாவோட முதல் சர்க்கரை ஆலைன்னு சொல்லப்படுறது. சுத்துவட்டாரத்துல கரும்பு, நெல் ரெண்டும் உண்டு. கரும்பும் நெல்லும் இருந்தா எலி இருக்கும். எலி இருந்தா பூனை இருக்கும். எங்க பாட்டி காலத்துல நெல்லு மூட்டை அடுக்கின அறையில எப்பவும் ஒரு பூனை இருந்துச்சு. ஒண்ணு காணாமப் போனா இன்னொண்ணு வந்துடும். யாரும் அதுங்களோட வயசை எண்ணினதில்லை.

இப்போ அந்த வீட்டுல அம்மாவும் ஒரு கறுப்புப் பூனையும் இருக்காங்க. பூனை பேரு மணி. வயசு 14. போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ பார்க்கிறேன், மணியோட முதுகுல, வாலுக்குக் கொஞ்சம் மேல, தவிடு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு. முடி சிக்குப் பிடிச்சு, தொட்டா வறவறன்னு இருந்துச்சு. கழுத்துலயும் முகத்துலயும் ஒண்ணும் இல்லை, அங்க பளபளன்னுதான் இருந்துச்சு.

அம்மா ரெண்டு வைத்தியம் தயாரா வச்சிருந்தாங்க. ஒண்ணு, கற்பூரம் போட்டுக் காய்ச்சின தேங்காயெண்ணெய். இன்னொண்ணு, என் பையில இருந்த பொடுகு ஷாம்பு. "மனுஷனுக்கு ஆகுறது பூனைக்கு ஆகாதாடா?"ன்னு கேட்டாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. வெந்நீர்கூட வச்சாச்சு. எதுக்கும் கேட்டுக்கலாமேன்னு கால்நடை மருத்துவரா இருக்குற ஒரு தோழிக்கு போன் போட்டேன். அவங்க குரல் மாறிடுச்சு. "ரெண்டையும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில கொண்டுபோய்க் காட்டுங்க."

மறுநாள் காய்கறிக் கூடைக்குள்ள மணியை வச்சு, மேல துண்டைப் போட்டுக் கட்டி, மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். எங்க பக்கம் இப்பவும் பேரு அதுதான். எங்களுக்கு முன்னாடி ஒரு சினைப் பசு, ரெண்டு ஆடு. பசுவைப் பிடிச்சுட்டு நின்ன பெரியவர் கூடையை எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "பூனைக்கெல்லாமா வைத்தியம்?"

அவர் கிண்டல் பண்ணலை, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார். இந்த எபிசோடே அந்தக் கேள்விக்குப் பதில்தான்.

யாருக்காக வந்த மருத்துவம்?

'கால்நடை' என்கிற சொல்லையே எடுத்துக்குங்க. அதைக் கேட்டதும் நம்ம கண்ணு முன்னாடி வர்றது ஆடு, மாடு. பூனை வராது. இது நம்ம மொழியில மட்டும் இருக்குற விஷயமும் இல்லை. உலகத்தோட முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சோட லியோன் நகரத்துல வந்துச்சு. தொடங்கினவர் குளோத் பூர்ழெலா. அவர் குதிரை விஷயத்துல நிபுணர். அந்தக் காலத்துல ஐரோப்பா முழுக்க மாடுகளைக் கொன்னுட்டு இருந்த கொள்ளைநோய்தான் அந்தப் பள்ளிக்கு முக்கியக் காரணம். மாடு செத்தா உழவு நின்னுடும், குதிரை செத்தா படை நின்னுடும். அரசாங்கம் பணம் போட்டது அதுக்காகத்தான்.

சென்னையில 1903-ல் சைதாப்பேட்டையில கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கினாங்க. அப்புறம் வேப்பேரிக்கு மாறிடுச்சு. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து பட்டப்படிப்பு வந்துச்சு. 1989-ல் தனிப் பல்கலைக்கழகமே ஆச்சு. இதுல பெரும்பகுதிக் காலம் பாடத்தோட மையம் மாடு, எருமை, ஆடு, கோழிதான். அது தப்பில்லை. நாட்டுக்குத் தேவைப்பட்டது அது.

அதுக்கு முன்னாடியும் அப்படித்தான். ஓலைச்சுவடியில மாட்டு வாகடம் உண்டு. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் கஜ சாஸ்திரத்தையும் அசுவ சாஸ்திரத்தையும் அச்சுல கொண்டுவந்திருக்கு. யானையும் குதிரையும் ராஜாவோட சொத்து, மாடு குடியானவனோட சொத்து. பூனை யாரோட சொத்து? யாரோடதும் இல்லை. சந்தையில விலை இல்லாத பிராணிக்கு வைத்தியம் எழுதி வைக்க யாருக்கும் அவசியம் வரலை.

தானா வந்த பிராணி

பூனை நம்மகிட்ட வந்த விதமே வேற. மாட்டையும் ஆட்டையும் மனுஷன் பிடிச்சுக் கட்டினான். பூனை எலிக்காகத் தானா வந்துச்சு. 2004-ல் சைப்ரஸ் தீவுல, சுமார் 9,500 வருஷத்துக்கு முந்தின ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்துலயே ஒரு பூனையையும் புதைச்சிருந்ததா ஆய்வாளர்கள் அறிவிச்சாங்க. 2007-ல் கிட்டத்தட்ட ஆயிரம் பூனைகளோட மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்து, நம்ம வீட்டுப் பூனைகளோட மூதாதை மேற்காசியா, ஆப்பிரிக்கா பக்கத்துக் காட்டுப்பூனைன்னு சொன்னாங்க. வறண்ட நிலத்துப் பிராணி. தண்ணி கம்மியாக் குடிக்கும், முழுக்க முழுக்க மாமிசம் தின்னும். இந்த ரெண்டையும் நினைவுல வச்சுக்குங்க, பொடுகுக்குத் திரும்பி வரும்போது வேணும்.

கதைகள்ல கிழட்டுப் பூனை

நம்ம இலக்கியத்துல பூனைக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாட்டுல 'வெருகு' வரும். தன் அடக்கத்தைச் சொல்ல வந்த கம்பர், பாற்கடலை நக்கிக் குடிச்சே தீர்த்துடலாம்னு போன பூனையோட தன்னை ஒப்பிட்டுக்கிட்டார். மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசுன்னு சொல்ற ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்துல, முன்னங்காலைத் தூக்கித் தவம் பண்ற பூனையையும் அதைச் சுத்தி எலிகளையும் பார்த்திருப்பீங்க.

அந்தப் பூனையோட கதை மகாபாரதத்துலயும் இருக்கு. தவம் பண்ணி உடம்பு தளர்ந்துபோச்சு, என்னை ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு எலிங்ககிட்ட சொல்லி, ஒவ்வொண்ணாத் தின்னுடும். அதாவது, தளர்ந்துபோன பூனைன்னா அது நடிப்பு. நிஜமாவே மூட்டு வலிச்சு நடக்க முடியாத பூனை அந்தக் கதையில இல்லை.

தொல்காப்பியத்தோட மரபியலைப் பாருங்க. விலங்குகளுக்கு இளமைப் பெயர் என்ன, ஆண்பாற் பெயர் என்ன, பெண்பாற் பெயர் என்னன்னு வரிசையாச் சொல்லுது. வெருகோட குட்டிக்கு என்ன பெயர்னுகூட இருக்கு. முதுமைப் பெயர்னு ஒரு வரிசை இல்லை. இலக்கணத்துல குறைன்னு நான் சொல்லலை. எலி பிடிக்க முடியாத பூனை அதிக நாள் கண்ணுல படாது. கிழப்பூனையை நெருக்கமாப் பார்த்தவங்க கம்மி.

எங்க பாட்டிக்குப் பூனைப் பொடுகுக்கு வைத்தியம் தெரியாததுக்கும் இதுதான் காரணம்னு நினைக்கிறேன். அவங்களுக்கு நாட்டு வைத்தியம் நிறையத் தெரியும். ஆனா 14 வயசுப் பூனையை அவங்க பார்த்திருக்கவே மாட்டாங்க.

பொடுகு முதுகுல, காரணம் இடுப்புல

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா முதல்ல தோலைப் பார்க்கலை. மணியைத் தரையில விட்டு நடக்கச் சொன்னாங்க. அப்புறம் இடுப்பையும் பின்னங்காலையும் மெதுவா அழுத்தினாங்க. மணி சீறுச்சு. "இது குதிச்சு ஏறுறதை நிறுத்தி எத்தனை நாளாச்சு?"ன்னு கேட்டாங்க. அம்மா யோசிச்சாங்க. "தீபாவளிக்கு முன்னாடி வரைக்கும் மதில் மேல ஏறும்மா. வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

விஷயம் அங்கதான் இருக்கு. பூனை முழிச்சிருக்குற நேரத்துல கிட்டத்தட்ட கால்வாசியை உடம்பை நக்குறதுலதான் செலவழிக்கும். அந்தச் சொரசொர நாக்குல இருக்குற முள்ளுங்க நுனியில சின்னக் குழிவு இருக்கிறதையும், அது எச்சிலை உறிஞ்சி முடியோட அடி வரைக்கும் கொண்டுபோறதையும் 2018-ல் அமெரிக்காவுல ரெண்டு ஆய்வாளர்கள் காட்டினாங்க. சீப்பு, துண்டு, தண்ணி மூணும் அந்த நாக்குதான். இடுப்பு வளையலைன்னா நாக்கு வால் பக்கம் எட்டாது. உதிர்ற செதில் அங்கேயே தங்கும், எண்ணெய்ப்பசை பரவாது, முடி சிக்காகும். முகமும் கழுத்தும் பளபளன்னு இருந்ததுக்கும் முதுகு மட்டும் அப்படி ஆனதுக்கும் காரணம் இதுதான். குண்டுப் பூனைக்கும் இதே கதி, அதுக்கு வயிறு இடிக்கும். வாய்ல பல் வலி இருந்தாலும் நக்காது.

2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வுல, 12 வயசுக்கு மேற்பட்ட 100 பூனைகளோட எக்ஸ்ரே படங்களைப் பார்த்தப்போ 90 பூனைக்கு மூட்டுத் தேய்மானம் தெரிஞ்சது. வயசான பூனைகளுக்கு வர்ற தைராய்டு நோயை முதன்முதலா விவரிச்சதே 1979-ல்தான். அதுலயும் முடி கெட்டுப்போகும். நம்ம டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தது தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை மூணுக்கும். பூச்சி இருக்கான்னு சீப்பால வாரி, செதிலைக் கறுப்புத் தாள்ல கொட்டிப் பார்த்தாங்க. ஒரு வகைச் சிற்றுண்ணி இருந்தா அந்தப் பொடுகே நகருமாம். வீட்டு ஆளுங்களுக்கும் அரிக்குமாம். எங்களுக்கு அது இல்லை. தைராய்டும் சர்க்கரையும் சரியா இருந்துச்சு. சிறுநீரகம் கொஞ்சம் தளர ஆரம்பிச்சிருந்துச்சு.

அந்த ஷாம்புவைப் போட்டிருந்தா?

பூனை மாமிசம் மட்டுமே தின்னு வளர்ந்த பிராணின்னு சொன்னேன்ல? செடிகொடியில இருக்குற சில ரசாயனங்களை முறிக்க வேண்டிய அவசியமே அதுக்கு வரலை. அந்த வேலையைச் செய்ற ஒரு கல்லீரல் நொதியோட மரபணு பூனைக்குப் பழுதாகிக் கிடக்குன்னு 2000-ல் கண்டுபிடிச்சாங்க. அதனாலதான் நாம காய்ச்சலுக்குப் போடுற பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்னுடும். மனுஷங்க பொடுகு ஷாம்பு பலதுல சாலிசிலிக் அமிலம், நிலக்கரித் தார் இருக்கும். கற்பூரமும் விஷம். பூனை மேல எதைத் தடவினாலும் அது நக்கி உள்ள போயிடும். எட்டுற இடத்துல தடவினா அது மருந்தில்லை, சாப்பாடு. நாய்க்குப் போடுற பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படித்தான், பூனைக்கு உயிருக்கே ஆபத்து.

வெறும் தேங்காயெண்ணெய்? தோலுக்கு வேணுங்கிற ஒரு கொழுப்பு அமிலத்தை நம்ம உடம்பு தாவர எண்ணெயில இருந்து தயாரிச்சுக்கும். பூனையால அது முடியாதுன்னு 1975-லேயே சொல்லிட்டாங்க. அது மாமிசத்துல இருந்துதான் வரணும். மணி பாதி வாழ்க்கை தயிர்சாதத்துல ஓடியிருக்கு. அம்மா பாசமாத்தான் போட்டாங்க.

இப்போ என்ன செய்யுறோம்

குளிப்பாட்டலை. மூட்டு வலிக்கு டாக்டரம்மா கொடுத்த மருந்து, அவங்க சொன்ன அளவுல. பூனைக்கான ஈரத் தீனி, கூட உப்புப் போடாம வேகவச்ச மத்தி கொஞ்சம். தண்ணிக் கிண்ணம் மூணு இடத்துல. படுக்கச் சாக்கு மேல பழைய போர்வை. மண் போடுற தொட்டியோட ஒரு பக்கத்தைத் தாழ்வா வெட்டி விட்டோம், ஏற கஷ்டப்படக் கூடாதுன்னு. சாயங்காலம் கரும்பு லாரிங்க ரோட்டுல போற நேரத்துல அம்மா திண்ணையில உக்காந்து, நுனி மழுங்கின சீப்பால அந்த எட்டாத இடத்தை மட்டும் அஞ்சு நிமிஷம் வாரிவிடுவாங்க. சிக்கைக் கத்தரிக்கோலால வெட்டுறதில்லை. கிழப்பூனைத் தோல் மெல்லிசு, சேர்ந்து வெட்டுப்பட்டுடும்.

ரெண்டு மாசத்துல தவிடு பாதிக்கு மேல போயிடுச்சு. முழுசாப் போகலை. போகாதுன்னும் சொல்லிட்டாங்க. ஆனா போன வாரம் மணி திண்ணை மேல தானா ஏறுச்சுன்னு அம்மா போன்ல சொன்னாங்க. அந்தத் திண்ணை ஒன்றரை அடிதான்.

பசு வச்சிருந்த பெரியவருக்கு அன்னைக்கு நான் பதில் சொல்லலை. இப்போ சொல்றேன். ஆமாங்க ஐயா, பூனைக்கும்தான். பல ஆயிரம் வருஷமா அது நம்ம நெல்லைக் காத்துச்சு, கிழமாகுறதுக்கு முன்னாடி காணாமப் போச்சு. இப்போதான் நம்ம வீட்டுல கிழமாகுது. அதனால வைத்தியமும் இப்போதான் வருது. நம்ம பாட்டிங்க விட்டுட்டுப் போன அறிவுல இந்த ஒரு பக்கம் காலியா இருக்கு. அதை ஷாம்புவால நிரப்பிடாதீங்க.

உங்க வீட்டுல வயசான பூனை இருந்தா, இன்னைக்குச் சாயங்காலம் வால் பக்கத்துல முதுகைத் தடவிப் பாருங்க. வறவறன்னு இருந்துச்சுன்னா, அடுத்து பார்க்க வேண்டியது அது எப்படி நடக்குதுன்னு.