ஹோம் தியேட்டர் ஒலியமைப்பு: சிக்கனமாகத் தேர்வதும் பொருத்துவதும்

ஹோம் தியேட்டர் ஒலியமைப்பு என்பது, திரைப்படத்துக்காகத் தனித்தனித் தடங்களில் பதிவான ஒலியை வீட்டு அறையிலும் அதே பிரிவோடு கேட்க வைக்கும் கருவித் தொகுதி. டால்பி டிஜிட்டல் 1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் திரையரங்குகளுக்கு வந்தது. பின்னர் டிவிடி அதை வீடுகளில் பரப்பியது. 5.1 என்பதில் 5 என்பது முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் இரண்டு. மிச்சமுள்ள 1, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான பேஸ் ஒலிக்கென்றே ஒதுக்கிய தடம். அது சப்வூஃபருக்குப் போகிறது.

பெட்டியில் 5.1 என்று அச்சிட்டிருந்தாலும் மலிவான பல தொகுதிகளில் தடங்களைப் பிரித்தெடுக்கும் டால்பி டிகோடர் இருப்பதில்லை. ஆக்ஸ், புளூடூத், யுஎஸ்பி மட்டுமே உள்ள கருவிக்குப் பெரும்பாலும் இரண்டு தட ஸ்டீரியோதான் கிடைக்கிறது. கருவி அதையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பகிர்ந்து அனுப்புகிறது. வசனத்துக்கென்றே இருக்கும் நடு ஸ்பீக்கரில் அப்போது பின்னணி இசையும் சேர்ந்து கேட்கும். வாங்கியபின் வரும் ஏமாற்றத்தின் வேர் இதுதான் என்பதால், கடையில் முதலில் கருவியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். ஆப்டிகல் இணைப்பு டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாங்கும். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4-உடன் வந்த, டிவியின் ஒலியை அதே கேபிளில் கருவிக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி, ஓடிடி தளங்கள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸையும் கடத்த வல்லது. டிவியும் கருவியும் அதை ஏற்பவையாக இருக்க வேண்டும்.

அடுத்தது திறன். பிஎம்பிஓ எனப்படும் உச்சத் திறன் வாட் கணக்குக்குப் பொது அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பார்த்தால் போதும். சத்தம் காதுக்கு இரு மடங்காகத் தோன்றவே சுமார் 10 மடங்கு வாட் வேண்டும். ஆகவே 40 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையிலான வித்தியாசத்துக்குக் கூடுதல் பணம் தருவது வீண்.

கையில் பணம் குறைவென்றால், ஆறு சுமாரான பெட்டிகளைவிட ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் ஒரு ஏவி ரிசீவரும் இரண்டு நல்ல ஸ்பீக்கரும் மேல். நடு ஸ்பீக்கர், சப்வூஃபர், பக்கவாட்டு ஜோடி என்ற வரிசையில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஆப்டிகல் உள்ள பழைய ரிசீவரே இதற்குப் போதும். பயன்படுத்திய ஸ்பீக்கர் வாங்குவோர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் பொடிந்திருக்கிறதா என்று விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம். விலையுயர்ந்த கேபிள் தேவையில்லை. சிவப்பு, கறுப்பு இணைப்பு முனைகள் ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

பொருத்தும் இடத்துக்குக் காசில்லை, பலனோ அதிகம். முன் இரண்டு ஸ்பீக்கர்களும் அமர்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். அதாவது நேர்ப்பார்வையிலிருந்து இருபுறமும் 30 பாகை. நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே, முகத்தை நோக்கிச் சற்றே நிமிர்ந்திருக்கட்டும். பக்கவாட்டு ஸ்பீக்கர்களைக் கூரை மூலையில் மாட்டுவது பரவலான தவறு. 110 பாகையில், காதுக்குச் சற்று மேலே இருப்பதே சரி.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் சத்தம் கூடும், முழக்கமும் கூடும். 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலையாகி ஓரிடத்தில் வீங்கும், நடுவில் மறையும். சப்வூஃபரை நாம் உட்காரும் இடத்திலேயே வைத்து ஒரு பேஸ் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டு அங்கே அதை நகர்த்துவது பழகிப்போன வழி. எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்கலாம். சிறிய பெட்டிகளென்றால் 120 வரை.

சிமென்ட் பூச்சும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடித்து வசனத்தைக் கலக்குகின்றன. கை தட்டினால் கணீரென்று எதிரொலிக்கும் ஹாலில் ஜமுக்காளமும் கனத்த திரைச்சீலையும் துணிச் சோபாவும் கேட்கும்படியான மாற்றம் தரும். கடைசியாக, அமருமிடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து ரிசீவரில் பதிந்து, சோதனை ஒலியால் சத்த அளவைச் சமப்படுத்த வேண்டும். அதன் பிறகும் வசனம் அமுங்கினால், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றலாம்.