திருமுக்கூடற் சாசனமும் பிற சமயத்தார்க்குரிய நீதியும்

பட்டு நெசவினாலும் கோயில்களினாலும் பெயர்பெற்ற காஞ்சிமாநகரைச் சார்ந்து திருமுக்கூடல் என்னும் சிற்றூர் ஒன்று உளது. பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமாதலின் அப்பெயர் பெற்றது. பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் அவ்வூர் வேங்கடேசப் பெருமாள் கோயிலைத் தரிசிப்போர் பலர். அதன் சுவரிற் பொறித்துள்ள வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனத்தை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. அம்மன்னன் ஆண்ட காலம் 1063 முதல் 1070 வரை. அச்சாசனத்தைக் கே. வி. சுப்பிரமணிய ஐயரவர்கள் ஆராய்ந்து பதிப்பித்திராவிடின், நம்முள் எவரும் அதன் பெருமையை அறிந்திரார்.

சாசனத்தை முதன்முறை படிப்பார்க்கு அது வெறும் நெற்கணக்காகவே தோன்றும். இத்தனை கலம் நெல், இத்தனை காசு, இத்தனை நாழி எண்ணெய் என்று அது நீண்டு செல்கின்றது. ஆயினும் பொறுமையுடன் படித்தால், அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்லூரியும், மாணவர் உண்டுறையும் விடுதியும், 'வீரசோழன்' என்னும் பெயரால் ஓர் ஆதுலர் சாலையும் நடைபெற்றன என்பது விளங்கும். ஆதுலர் சாலையாவது இக்காலத்து நாம் மருத்துவமனை என்பது. ஆங்குப் படுக்கைகள் பதினைந்து. பிணியாளர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஆலப்பாக்கத்துக் கோதண்டராம அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் விதிக்கப்பட்டன. அவனையன்றிச் சல்லியக்கிரியை செய்வான் ஒருவனும், பச்சிலை கொணர்வார் இருவரும், மருந்து அடுதல் முதலிய பணிகளைப் புரியும் பெண்டிர் இருவரும், நாவிதன் ஒருவனும் இருந்தனர். ஓராண்டுக்கு வேண்டிய தைலங்களும் கிருதங்களும் அரீதகிகளுமாக ஏறத்தாழ இருபது மருந்துகள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. இரவில் அணையாது எரிய விளக்கொன்று வைத்து, அதன் எண்ணெய்க்கும் பொருள் ஒதுக்கினர். நோயுற்றோர் இருளில் அஞ்சுவர் என்பதை அறிந்தோர் எழுதிய கணக்கு அது.

நாம் இங்குச் சிறப்பாக எடுத்துக்காட்ட விரும்புவது விடுதிக் கணக்கை. உண்டு உறைந்தவர் தொகை அறுபது. இருக்கு ஓதுவார் பதின்மர், யசுர் ஓதுவார் பதின்மர், வியாகரணமும் ரூபாவதாரமும் கற்போர் இருபதின்மர், மகாபாஞ்சராத்திரர் பதின்மர், வைகானசர் ஐவர், பிறர் இருவர். எஞ்சிய மூவர் சிவப்பிராமணர்! கோயிலோ திருமாலுடையது. பாஞ்சராத்திரமும் வைகானசமும் வைணவத்துள்ளேயே முறை வேறுபட்ட இரு நெறிகள்; சிவப்பிராமணரோ சமயத்தாலேயே வேறாயினோர். அவர்களையும் அவ்வறுபதின்மருள் எண்ணி, ஒரே விடுதியில் வைத்து உணவளித்தனர். உறங்கப் பாயும், சனிக்கிழமை நீராட்டுக்கு எண்ணெயும் அவ்விடுதியார்க்கு உண்டு. பிற சமயத்தானுக்கு என்றோ ஒரு நாள் இரக்கத்தால் சோறிடுதல் எளிது. ஆண்டுதோறும் அவன் பங்கு இன்னதென்று கல்லில் வெட்டி, அதனை அவன் உரிமையாக்குதலே அரிது.

இச்செயலை மிகைபடக் கூறலும் நேர்மையன்று. அவ்விடுதி அந்தணர்க்கே உரியதாயிருந்தது. ஆதுலர் சாலையும் மாணவரும் கோயிற் பணியாளரும் பிணியுற்றகாலை அவர்க்கு உதவ வைத்ததேயன்றி, ஊரார் அனைவர்க்கும் திறந்த வாயிலன்று. உழுது நெல் அளந்த குடியானவன் அப்பதினைந்து படுக்கைகளுள் ஒன்றிற் படுத்தான் என்று நாம் சொல்ல இயலாது. சமய வேலியைத் தாண்டியவர்கள் குல வேலியைத் தாண்டவில்லை. நம்மைப் போன்ற சங்கங்கள் மாணவர் விடுதிகளும் அறச்சாலைகளும் அமைக்கும்போது யாவர்க்கு இடம் என்ற வினா இன்றும் எழுகின்றது. அதனை ஆராய்வோர் இச்சாசனத்தின் இரு பக்கங்களையும் பார்த்தல் வேண்டும்.

அவ்வரசனோ சைவன், தில்லைக் கூத்தப்பிரானுக்கு விலையுயர்ந்த மாணிக்கம் அளித்தவன் என்று கன்னியாகுமரிச் சாசனம் கூறும். அவன் பெயரால் 'வீரசோழியம்' என்னும் இலக்கணம் இயற்றியவர் புத்தமித்திரர் என்னும் பௌத்தர். ஆக, திருமால் கோயில் மருத்துவமனைக்கும் பௌத்தர் செய்த இலக்கணத்துக்கும் ஒரு சைவ மன்னன் பெயரே அமைந்தது.

எக்காலத்தும் இவ்விணக்கம் நிலவிற்று என்று எவரும் மயங்கற்க. முந்நூறு ஆண்டுகளின் பின், விசயநகர நாட்டில் வைணவர் தமக்கு அநீதி இழைக்கின்றனர் என்று சமணர்கள் முதலாம் புக்கராயனிடம் முறையிட்டனர். 1368-ஆம் ஆண்டின் சிரவணபெளகுளச் சாசனம் அவ்வழக்கின் தீர்ப்பைக் கூறுகின்றது. திருவரங்கம், திருமலை, திருநாராயணபுரம் என்னும் தலங்களின் ஆசாரியர்களோடு நம் காஞ்சிப் பெருமாள் கோயிலாரும் அச்சபையில் குறிக்கப்பட்டுள்ளனர். அரசன் சமணர் கையை வைணவர் கையில் வைத்து, இரு தரிசனங்களுக்கும் வேற்றுமை இல்லை என்றான். ஐந்து பெருவாத்தியங்களும் கலசமும் சமணர்க்கு முன்போலவே உரியன. அவர்க்கு வைணவரால் நேரும் ஏற்றத்தாழ்வை வைணவர் தமக்கே நேர்ந்ததாகக் கொள்ளல் வேண்டும் என்று விதித்தான். சமணர் இல்லந்தோறும் ஆண்டுக்கு ஒரு பணம் திரட்டி, பெளகுளத்துத் தேவர்க்கு இருபது காவலரை அமர்த்தி, எஞ்சியதைப் பாழடைந்த சினாலயங்களுக்குச் சுண்ணம் பூசச் செலவிடும் பொறுப்பையோ திருமலைத் தாத்தையா என்னும் வைணவரிடமே ஒப்புவித்தனர். நம் கருத்தில், கைகோத்தலினும் இவ்வேற்பாடே வலியது.

அத்தீர்ப்புக்குப் பின் இருபது ஆண்டு நிறைவதற்குள், விசயநகர அமைச்சனும் படைத்தலைவனுமாகிய இருகப்பன் என்னும் சமணன், காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சங்கீத மண்டபம் எடுப்பித்தான். அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது. அதனருகே செல்லும் வேகவதியே கீழே திருமுக்கூடலிற் பாலாற்றோடு கலக்கின்றது.