கூடை யார் கையில்?

இணையத்தின் வழியே பலசரக்குப் பட்டியலை அனுப்பிவிட்டு, குறித்த நேரத்திற் கடை வாயிலுக்குச் சென்று, காரைவிட்டு இறங்காமலே பொதிகளை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழக்கம், இன்று அமெரிக்காவிலும் பிரான்சிலும் எண்ணற்ற பெற்றோரின் வாராந்த நடைமுறையாகிவிட்டது. இது கணினி யுகம் ஈன்ற புதுமை என்றே பலரும் கொள்வர். வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்கும் நேயர்களுக்கு, இதன் பெரும்பகுதி பழைய வழக்கம் ஒன்றின் மீட்சி என்பது புலனாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இல்லத்தரசி எவ்வாறு பண்டம் வாங்கினாள்? கடைக்குச் சென்று மேசைக்கு இப்பால் நின்று பட்டியலைக் கொடுப்பாள். அப்பால் நின்ற சிப்பந்தி மாவை நிறுத்து, சீனியைப் பொதிந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான். தொலைபேசி உள்ள வீட்டார் அதன் மூலமே சொல்லிவிடுவதும் உண்டு. கடைப் பையன் கொண்டுவந்து கொடுப்பான். கணக்கை மாத முடிவில் தீர்ப்பார்கள். இந்த வசதிக்கெல்லாம் விலை இருந்தது. சிப்பந்தியின் கூலி பண்டத்தின் விலையில் மறைந்து நின்றது.

1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆம் நாள், தெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பார் ‘பிக்லி விக்லி’ என்னும் விசித்திரமான பெயருடன் ஒரு கடையைத் திறந்தார். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் கையில் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு, விலை குறிக்கப்பட்ட பண்டங்களைத் தாமே தெரிந்தெடுத்து, வாயிலிற் பணம் செலுத்தி வெளியேற வேண்டும். மறு ஆண்டே அவ்வமைப்பிற்குக் காப்புரிமையும் பெற்றார். விலை குறைந்தது, மக்கள் திரண்டனர். ஆயின், சிப்பந்தி செய்த வேலை மறைந்துவிடவில்லை. அதை இப்போது வாங்குபவளே கூலியின்றிச் செய்தாள். இந்த மாற்றத்தைப் பேரங்காடிகளின் புகழ் பாடும் நூல்கள் அவ்வளவாக எடுத்துரைப்பதில்லை.

கூடையின் பாரம் விற்பனைக்குத் தடையென்று கண்ட சில்வன் கோல்ட்மன், 1937இல் ஒக்லஹோமா நகரில் சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியை அறிமுகம் செய்தார். முதலில் அதை எவரும் விரும்பவில்லை. குழந்தை வண்டி தள்ளியது போதாதா என்று பெண்கள் மறுத்தனராம். ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி வண்டியைத் தள்ளச் செய்து, மற்றவரை அவர் பழக்கினார் என்பர். பின்னாளில் அவ்வண்டியிற் குழந்தை அமர ஓர் இருக்கையும் சேர்ந்தது. தாய் இரு வேலைகளையும் ஒருங்கே செய்தாள்.

பட்டியலை மீண்டும் கடைக்காரனிடம் ஒப்படைக்கும் முயற்சி இங்கிலாந்தில் தோன்றியது. தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு இணைக்கும் முறையை மைக்கல் ஓல்ட்ரிச் 1979இல் வகுத்தார். 1984இல் கேற்ஸ்கெட் நகரில், ஜேன் ஸ்னோபோல் என்னும் 72 வயது மூதாட்டி, தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே மாஜரீனும் முட்டையும் கோர்ன் பிளேக்சும் வேண்டுமென ரெஸ்கோ கடைக்குத் தெரிவித்தார். பண்டம் வீடு வந்தது. பணத்தை அவர் கையிலேயே கொடுத்தார். வெளியே நடமாட இயலாத முதியோரை நோக்கிச் செய்யப்பட்ட பரீட்சை அது. வேலைக்குச் செல்லும் தாய்மாரை அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இம்முயற்சி பெரும் பணத்தோடு தொடங்கிப் பெரும் நட்டத்தில் முடிந்தது. 1999இல் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் விநியோகம் தொடங்கிய ‘வெப்வான்’ நிறுவனம், வாங்குவோர் தெரிந்தெடுத்த அரைமணி நேரத்துள் வீட்டு வாயிலிற் பண்டம் சேர்ப்பதாக வாக்களித்தது. ஏறத்தாழ நூறு கோடி டொலர் செலவிற் பண்டசாலைகள் கட்டவும் ஒப்பந்தம் செய்தது. 2001 யூலையில் அது முறிந்தது. பண்டத்தைத் தெரிந்தெடுக்கும் கூலி, வண்டிச் செலவு, சாரதியின் சம்பளம் ஆகிய மூன்றையும் பலசரக்கின் சொற்ப இலாபம் தாங்குமோ?

இதற்கு விடை கண்டவர்கள் பிரெஞ்சு வணிகர். வீடுவரை செல்லும் வண்டிச் செலவை வாங்குபவரிடமே விட்டுவிட்டனர். 2000ஆம் ஆண்டில் ‘ஓஷான்’ நிறுவனம் நாட்டின் வடபுலத்தில், லீல் நகருக்கு அண்மையிலுள்ள லேர்ஸ் என்னுமிடத்தில் இத்தகைய நிலையத்தைத் திறந்தது. 2007இல் ‘லெக்ளேர்’ நிறுவனமும் இத்துறையிற் புகுந்தது. ‘திரைவ்’ என்ற ஆங்கிலச் சொல்லே பிரெஞ்சு மக்களிடை இதற்குப் பெயராயிற்று. தம் மொழியைக் காப்பதில் விழிப்புள்ள அம்மக்கள் இதற்கு இணங்கியது வியப்பே! நிலையங்கள் பெருகவே, 2014இல் வந்த சட்டம் அவற்றிற்கு முன்னனுமதி வேண்டுமென விதித்தது.

அதே ஆண்டில் ‘வோல்மார்ட்’ நிறுவனம் ஆர்க்கன்சோ மாநிலத்துப் பென்ரன்வில் நகரில் இம்முறையைப் பரீட்சித்தது. இம்முறை சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களிடையே வேரூன்றியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்நாட்டிற் குழந்தையைக் காரில் தனி இருக்கையிலே வாரினாற் பிணைத்தே ஏற்றிச் செல்ல வேண்டும். இரண்டு குழந்தைகளை அவிழ்த்து, உறங்கும் ஒன்றை எழுப்பி, கடையெல்லாம் சுற்றி, மீண்டும் பிணைப்பதென்றால், பால் வாங்கும் சிறு வேலையும் ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். காரிலேயே விட்டுச் செல்வதோ பேராபத்து. வெயிலிற் பூட்டிய காரினுள் வெப்பம் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. அவ்வாறு குழந்தைகள் மாண்டதும் உண்டு. கடைச் சிப்பந்தி பொதிகளைக் கொணர்ந்து பின்புறம் ஏற்ற, குழந்தை உறங்கியபடியே இருக்குமாயின், அத்தாய்க்கு அது சிறிய உதவியன்று. கேட்ட தக்காளிக்குப் பதிலாகக் கனிந்து நைந்தது வருவதும், இல்லாத பண்டத்திற்கு ஈடாக வேறொன்று வருவதும் நிகழாமலில்லை. அவற்றைப் பலர் பொறுத்துக்கொண்டனர். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, முன்னர் தயங்கியவர்களும் இவ்வழக்கத்துக்கு வந்து சேர்ந்தனர்.

வறிய பெற்றோரின் நிலை வேறு. அமெரிக்க அரசின் உணவு உதவி அட்டையை இணையத்திற் பயன்படுத்தும் பரீட்சைக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நியூயோர்க் மாநிலத்தில் அது நடைமுறைக்கு வந்ததோ 2019 ஏப்பிரலில்தான். மறு ஆண்டில், நோயின் நெருக்கடியால் அது பெரும்பாலான மாநிலங்களுக்கு விரைந்து பரவிற்று. அவ்வட்டையால் உணவுக்கு மட்டுமே பணம் செலுத்தலாம். வீட்டுக்குக் கொண்டுவரும் கட்டணத்தைக் கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். கடை வாயிலிற் பெற்றுக்கொள்வதாயின் பல கடைகள் கட்டணம் கேட்பதில்லை. ஆனால், அந்த வாயில் கார்களுக்காக அமைந்தது. கார் இல்லாத தாய் பட்டியலை அனுப்பலாம். ஒரு கையிற் பொதியும் மறு கையிற் குழந்தையுமாகப் பஸ் ஏறுவது முன்போலவே அவள் பாடு.