மதிப்பெண் பெற்ற மழலைகள்

குழந்தையின் முகம் கண்டு 'மாஷா அல்லாஹ்' என்று கூறி மகிழாத தாய் உலகில் இல்லை. அந்த மகிழ்ச்சியை மேடையேற்றி, நுழைவுக் கட்டணம் வைத்துப் பிறருக்குக் காட்டிப் பொருள் ஈட்டலாம் என்று கண்டுகொண்டவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் காட்சி வணிகர் பி. டி. பார்னம். 1854-இல் ஓஹியோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த குழந்தைக் காட்சியைத் தொடர்ந்து, 1855-இல் நியூயார்க்கிலிருந்த தம் காட்சிசாலையில் அவர் பெரியதொரு போட்டியை நடத்தினார். சிறந்த குழந்தைக்குப் பரிசு, இரட்டையருக்குப் பரிசு, மிகப் பருத்த குழந்தைக்கும் பரிசு! விந்தைப் பொருள்களைக் காணத் திரண்ட கூட்டமே தொட்டில்களையும் சூழ்ந்து நின்றது.

இஃது ஒரு வேடிக்கையாக மட்டும் இருந்திருப்பின் வரலாறு இதனை மறந்திருக்கும். ஆனால் வேடிக்கைக்குப் பின்னர் விஞ்ஞானத்தின் பெயரும் வந்து சேர்ந்தது. 1908-இல் லூயிசியானா மாநிலச் சந்தையில் மேரி டிகார்மோ என்னும் பெண்மணி குழந்தைகளைச் சோதித்து மதிப்பெண் இடும் போட்டியைத் தொடங்கினார். 1911-இல் ஐயோவா மாநிலச் சந்தையில் மேரி வாட்ஸ் அதனைப் பின்பற்றினார். கால்நடைகளுக்கு மதிப்பெண் அட்டை இருக்கும்போது குழந்தைகளுக்கு ஏன் இருத்தலாகாது என்பதே அவர்தம் வாதம். மாட்டுக் கொட்டகைக்குச் சற்றுத் தொலைவில் மருத்துவர்கள் குழந்தையின் உயரம், எடை, தலைச் சுற்றளவு, மார்பளவு ஆகியவற்றை அளந்தனர். குறை காணுந்தோறும் மதிப்பெண்ணைக் கழித்தனர்.

இதிலே நன்மையே விளையவில்லை என்று நாம் கூறமாட்டோம். 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்த பத்துக் குழந்தைகளுள் ஒன்று ஓராண்டு நிறையுமுன் இறந்தது. பாலின் தூய்மை, பற்களின் பேணல், தொண்டை நோய் ஆகியவற்றைப் பற்றிப் பல தாய்மார்கள் அறிந்துகொள்ள இப்போட்டிகள் வாய்ப்பளித்தன. நம் நாட்டிலும் 1924-இல் வைசிராய் ரீடிங் பிரபுவின் துணைவியார் முன்னின்று நடத்திய குழந்தை வாரத்தின் நோக்கம் இத்தகையதே. நம் ஊர்களில் நடந்த 'கொழுகொழு குழந்தை'ப் போட்டிகளை மூத்தோர் நினைவு கூர்வர்.

ஆயினும், அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அளவையின் நீதி அமையும். நியூயார்க் மாநிலத்தில் இனமேம்பாட்டுப் பதிவகத்தை நடத்திவந்த சார்லஸ் டேவன்போர்ட், குழந்தையைத் தொட்டுப் பார்க்குமுன்பே பாதி மதிப்பெண்ணை அதன் பரம்பரைக்கு ஒதுக்கவேண்டுமென மேரி வாட்ஸுக்கு எழுதினார். அதன் விளைவாக, 1920-இல் கான்சாஸ் சந்தையில் குடும்பம் குடும்பமாக மதிப்பிடும் போட்டி பிறந்தது. வென்றவர்க்குப் பதக்கம் சூட்டப்பட்டது.

இவ்விடத்தில் நம் நெஞ்சில் ஒரு நிகழ்ச்சி நிழலாடுகிறது. மிஸ்வாக் குச்சி ஒடிக்க மரமேறிய அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் நகைத்தனர். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹத் மலையினும் கனமானவை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரைத்தார்கள். ஐயோவாவின் அட்டையில் அக்கால்களுக்கு எத்துணை மதிப்பெண் கிடைத்திருக்கும்?

இண்டியானாவின் கதை கசப்பானது. உலகிலேயே முதன்முதலாக, 'தகுதியற்றோர்' எனக் கருதப்பட்டவர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை 1907-இல் இயற்றிய மாநிலம் அது. 1921-இல் நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 1927-இல் வேறு வடிவில் அது திரும்பி வந்தது. 1920 முதல் 1932 வரை அதே மாநிலத்தின் சந்தையில் குழந்தைப் போட்டி கோலாகலமாக நடைபெற்றது. கறுப்பினத்துக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. ஒரே மாநிலம் ஒருபுறம் பரிசளித்தது. மறுபுறம் பிறவாமற் செய்தது. போட்டி நின்று நாற்பதாண்டுகள் கழிந்து, 1974-இல்தான் அச்சட்டம் முற்றாக நீங்கிற்று.

அளவுநாடா போயிற்று, ஒப்பனைப் பெட்டி வந்தது. 1921-இல் அட்லாண்டிக் சிட்டி அழகுப் போட்டியில் வென்ற மார்கரெட் கோர்மனுக்கே வயது 16. பின்னர் வயது இன்னும் இறங்கிற்று. உதட்டுச் சாயமும் பொய்க் கூந்தலும் அணிந்த நான்கைந்து வயதுச் சிறுமியர் மேடையில் நடைபயின்றனர். 1996-இல் கொலராடோவில் 6 வயதுச் சிறுமியொருத்தி கொலையுண்டபோது, அவள் மேடையில் தோன்றிய காட்சிகளைத் தொலைக்காட்சிகள் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. கொலைக்கும் போட்டிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. எனினும், அம்மேடைகளை அறியாதிருந்த பெற்றோர் பலர் அன்றுதான் அவற்றைக் கண்டு திகைத்தனர். 2007-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழுவொன்று, சிறுமியரை உடற்கவர்ச்சிப் பொருளாக்கும் போக்கு உணவை வெறுக்கும் நோய்க்கும், தன்மதிப்புக் குறைவுக்கும், மனச்சோர்வுக்கும் தொடர்புடையதென எடுத்துரைத்தது. தோற்ற சிறுமி தன் முகத்தை வெறுக்கிறாள் என்பதை எவரும் எளிதில் உணர்வர். வென்ற சிறுமியும் தன் முகத்துக்கு அடிமையாகிறாள். இதைப் பெற்றோர் காண்பதில்லை.

பிரான்சு நாட்டுச் செனட் சபை 2013 செப்டம்பரில் 16 வயதுக்குட்பட்டோர்க்கான அழகுப் போட்டிகளைத் தடைசெய்ய வாக்களித்தது. மீறி நடத்துவோர்க்கு ஈராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்க அது முனைந்தது. ஆதரவு 197, எதிர்ப்பு 146. அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டத்தில் அக்கடுமை தளர்த்தப்பட்டிருந்தது.