சந்தைக்கு வழி கேட்டவர்

விரும்பிய தொழிலதிபர் ஒருவருடன் ஒரு மணி நேரம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள், அவரிடம் என்ன கேட்பீர்கள்? கல்லூரி மேடைகளிலும் நேர்காணல்களிலும் நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் கேள்வி இது. ஸ்டீவ் ஜாப்ஸ், ஈலான் மஸ்க், அம்பானி என்று பெயர்கள் தடையின்றி வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளை சற்று யோசித்து அஸீம் பிரேம்ஜி என்கிறான். கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் பதில் தடுமாறுகிறது. எப்படி இவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதற்கு மேல் கேட்க எதுவும் தோன்றுவதில்லை.

நம் வரலாற்றில் அந்தக் கேள்வியும் கேட்கப்பட்டிருக்கிறது. நபித்தோழர்களில் பெருஞ்செல்வரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் அவர்களுடைய செல்வத்தின் காரணத்தை வினவினர். அவர்கள் சொன்ன பதிலை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் எடுத்தெழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்குமுன் அந்தச் செல்வம் எங்கிருந்து தொடங்கியது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

மக்காவிலிருந்து மதீனா வந்த முஹாஜிர்களை அன்ஸாரிகளுடன் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அன்ஸாரிகளில் மிகுந்த வசதி படைத்த அவர்கள், தம் சொத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவருடைய குடும்பத்துக்கும் செல்வத்துக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அன்று மாலை சிறிது பாலாடைக் கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார்கள்.

ஜும்ஆ மேடைகளில் இந்நிகழ்ச்சி தன்மானத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அது சரிதான். ஆயினும் வணிகரின் கண்கொண்டு பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. மக்காவில் வணிகம் செய்து பழகியவர், புதிய ஊரில் தமக்கு எது தெரியாதோ அதை மட்டும் ஊர்க்காரரிடம் கேட்கிறார். முதல் கேட்கவில்லை, பங்கு கேட்கவில்லை, வழி கேட்கிறார். கையில் எடுத்த சரக்கும் அன்றாடம் எல்லா வீட்டுக்கும் வேண்டியது, சிறு முதலில் கிடைப்பது. அடுத்தடுத்த நாட்களிலும் விடாமல் சந்தைக்குப் போனார்கள். விரைவிலேயே அன்ஸாரிப் பெண்மணி ஒருவரைப் பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் மஹராகக் கொடுத்து மணந்தார்கள் என்பது ஹதீஸில் வருகிறது. ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா விருந்து கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அப்போதுதான் சொன்னார்கள்.

இனி அந்தப் பதில். எந்த இலாபத்தையும் சிறிது என்று தள்ளியதில்லை, கால்நடை கேட்டு ஆள் வந்தால் விற்பனையைத் தாமதித்ததில்லை, கடனுக்கு விற்றதில்லை. இந்த மூன்றுதான். ஒருமுறை 1,000 ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றார்களாம். இலாபமாக நின்றவை ஒட்டகங்களைக் கட்டியிருந்த கயிறுகள் மட்டுமே. கயிறு ஒன்றுக்கு ஒரு திர்ஹம் வீதம் 1,000 திர்ஹம். அன்றே விற்றுவிட்டதால் அந்த நாளின் தீவனச் செலவு 1,000 திர்ஹம் மிச்சம். முதல் முழுவதும் கைக்குத் திரும்பி, அடுத்த கொள்முதலுக்கு ஆயத்தமாக இருந்தது. விலை ஏறட்டும் என்று சரக்கை அடைத்துவைத்து, வட்டியும் கிடங்கு வாடகையும் தின்றுபோன பிறகு கையைப் பிசையும் வியாபாரிகள் எந்தக் கடைத்தெருவில் இல்லை?

கடனைப் பற்றி ஒரு சொல். கடனுக்கு விற்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. நபி (ஸல்) அவர்களே தம் கவசத்தை அடகாகக் கொடுத்துத் தவணையில் உணவு தானியம் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே இது ஒரு வணிகரின் அனுபவ மொழி, சட்டமன்று. கடன் இல்லாமல் ஒரு நாளும் ஓடாத ஜவுளித் தொழிலிலும் தோல் தொழிலிலும் இருக்கும் நம்மவர்கள் இதை அப்படியே கைக்கொள்ள முடியாமலும் போகலாம். வசூலாகாத பாக்கியால் படுத்துவிட்ட கடைகளின் கணக்கைப் புரட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் இவ்வளவும் சம்பாதிக்கும் வழி. ஒருவரை ஆலோசனைக்குரியவராக ஆக்குவது இது மட்டும்தானா?

கூஃபா நகரில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் பட்டு ஜவுளி வியாபாரி. ஹிஜ்ரி 80இல் பிறந்து 150இல் வஃபாத்தான அவர்களை ஃபிக்ஹு மேதையாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். கடைக்காரராக நினைப்பது குறைவு. வாழ்க்கை வரலாற்று நூல்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றன. ஒரு பெண்மணி பட்டாடை ஒன்றை 100 திர்ஹத்துக்கு விற்க வந்தார். இது அதற்கு மேலும் பெறும் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாகக் கூட்டி 400 வரை வந்தார். இன்னும் பெறும் என்று கேட்டதும், தம்மைக் கேலி செய்வதாக அவர் எண்ணிக்கொண்டார். விலை மதிப்பிட வேறு ஒருவரை அழைத்துவரச் செய்து, இறுதியில் 500 திர்ஹத்துக்கு இமாம் அதை வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு முறை, ஒரு துணியில் குறை இருப்பதைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. வந்த பணத்தை இமாம் ஸதகாவாகக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி ஆலோசனை கேட்டு வரவில்லை. ஆயினும் விலை தெரியாத ஒருவருக்கு, தம் கைப்பொருள் குறையும்படி இமாம் ஆலோசனை சொன்னார்கள். நூல்களில் வரும் ஒரு வரியை வாழ்ந்து காட்டுவது என்றால் இதுதான். ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் சுமப்பவர் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இன்று ஆலோசனையே விற்பனைச் சரக்காகிவிட்டது. 'ஹலால் முதலீடு' என்று பெயர் சூட்டி, ஆயத்தும் ஹதீஸும் ஓதிக் கூட்டம் நடத்தி, மகளின் திருமணத்துக்குச் சேர்த்த நகையையும் வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் வாங்கிக்கொண்டு போனவர்களை நம் சமுதாயம் அறியும். அங்கே ஏமாந்த குடும்பங்கள் அந்த மனிதரின் வெற்றியைப் பார்த்தன. தாம் தலையாட்டினால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்மைக் காலத்திலும் எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. குவாஜா அப்துல் ஹமீது 1935இல் பம்பாயில் தொடங்கிய மருந்து நிறுவனம் சிப்லா. அவருடைய மகன் யூசுஃப் ஹமீது 2000 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஆணையம் கூட்டிய அவையில் பேசினார். எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கூட்டு மருந்துக்கு அப்போது ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவாயிற்று. அதை 800 டாலருக்குத் தருவதாக அவர் சொன்னார். சொந்தமாகத் தயாரிக்க விரும்பும் அரசுகளுக்குத் தொழில்நுட்பத்தை இலவசமாகக் கற்றுத் தருவதாகவும் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு 350 டாலர் என்று விலையை இறக்கினார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு. அவருக்கு வணிக நோக்கமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் தன் தொழிலைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க முன்வரும் முதலாளியிடம் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

மீண்டும் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களிடம் வருவோம். ஹிஜ்ரி 23இல் குத்துண்டு படுத்திருந்த உமர் (ரலி) அவர்கள், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஆறு பேரிடம் ஒப்படைத்தார்கள். அந்த வணிகரும் ஆறு பேரில் ஒருவர். ஆட்சிக்குத் தகுதி உடையவர்களில் ஒருவர். பேச்சு உஸ்மான் (ரலி), அலீ (ரலி) ஆகியோருடன் தம்மையும் சேர்த்து மூவரில் வந்து நின்றபோது, தமக்கு அந்தப் பதவி வேண்டாம் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். முடிவைத் தம்மிடம் விட்டுவிடும்படி அதன் பிறகே கேட்டார்கள். இருவரும் இசைந்தனர். மூன்று இரவுகள் மக்களைக் கலந்தாலோசித்தார்கள். இரவு கழியும் வேளையில் தம் சகோதரியின் மகன் மிஸ்வர் (ரலி) அவர்களின் கதவைத் தட்டி எழுப்பியபோது, இந்த மூன்று இரவுகளும் தாம் கண்ணயர்ந்தது சொற்பமே என்றார்கள். மதீனா நகரமே அவர்களிடம் யோசனையை ஒப்படைத்திருந்தது. தம் பங்கை முதலில் விட்டவர் என்பதால்தான் அது இயன்றது.

எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டவர்கள் உண்டு. சம்பாதித்த பின் என்ன அச்சம் வந்தது என்பதை யாரும் கேட்காமலேயே ஒருநாள் சொன்னார்கள். நோன்பு வைத்திருந்த அவர்கள் முன் உணவு கொண்டுவந்து வைக்கப்பட்டது. உஹதுப் போரில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. தம்மைவிடச் சிறந்தவர் அவர். கஃபனிட இருந்தது ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது என்றார்கள். பிறகு எங்களுக்கு உலகம் விரித்துக் கொடுக்கப்பட்டது, எங்கள் நற்செயல்களின் கூலி இங்கேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சுகிறோம் என்று சொல்லி அழத் தொடங்கினார்கள். அன்று அந்த உணவை அப்படியே விட்டுவிட்டார்கள்.