ஒரு திருத்தமும் ஐந்தாம் மண்டலமும்

1984ல் ஒரு சிறு பத்திரிகையில் நான் எழுதிய ‘பதேர் பாஞ்சாலி’ கட்டுரையில் ஒரு தவறு இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷங்கள் ஆயின. அதில் கடைசி ஆறு வாரங்கள், படத்தின் டி.வி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்க்க முடியாமல் கழிந்தவை.

தவறு இதுதான். படத்தின் பிற்பகுதியில் ஹரிஹர் மாதக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறான். வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறான். மகள் துர்காவுக்கென்று வாங்கிய புடவையையும் காட்டுகிறான். துர்கா இறந்துபோனது அவனுக்குத் தெரியாது. புடவை கைக்கு வந்ததும் சர்பஜயா உடைந்துபோகிறாள். அந்த இடத்தில் அவள் ஓலமிடுகிறாள் என்று நான் எழுதியிருந்தேன். எழுதியதோடு நிற்கவில்லை. அந்த ஓலத்தை நம் கிராமத்து ஒப்பாரிக்குப் பக்கத்தில் வைத்து, தமிழ் சினிமா அழுகையைப் பாட்டாக்கிவிட்டது, ரே அழுகையை அழுகையாகவே விட்டிருக்கிறார் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு வாதத்தையே அதன்மேல் கட்டியிருந்தேன். பத்திரிகை வந்த சில நாளில் ஒரு நண்பரிடமிருந்து இன்லண்டு கடிதம். “அந்த ஓலம் படத்தில் இல்லை. நீங்கள் கேட்டது வாத்தியம். உங்கள் கட்டுரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு ஏதோ படத்தைப் பற்றியது” என்று எழுதியிருந்தார். நான் மறுத்தேன். அவர் மறுபடி எழுதினார். நிரூபிக்க இருவரிடமும் படம் இல்லை.

அன்றைய நிலைமை அப்படி. நான் ஓசூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 1983ல் பெங்களூரில் ஒரு ஃபிலிம் சொஸைட்டியில் அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்தேன். பிரதி முழுக்கக் கீறல். ஓசூருக்குக் கடைசி பஸ்ஸை விட்டால் நாற்பது கிலோமீட்டர். ஆகவே கடைசிக் காட்சிகளைக் கைக்கடிகாரத்தோடு சேர்த்துத்தான் பார்த்தேன். 1959ல் ஃபிலிம் சொஸைட்டிகளின் சம்மேளனம் ஆரம்பித்ததிலிருந்து வீடியோ வரும்வரை, நம்மிடையே உலக சினிமா பற்றி எழுதப்பட்ட பெரும்பாலானவை இப்படி ஒற்றைப் பார்வையின் ஞாபகத்திலிருந்து எழுதப்பட்டவையே. கவிதையைப் பற்றி எழுதுகிறவன் புத்தகத்தைத் திறந்து வரியைச் சரிபார்க்கலாம். சினிமாவைப் பற்றி எழுதியவனுக்கு அந்த வசதி இல்லை. வாசகனுக்கும் இல்லை என்பதால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. அன்று நாம் சினிமா விமர்சனம் என்று சொல்லிக்கொண்டதில் எத்தனை பங்கு ஞாபகத்தின் புனைவு என்று இனியாவது யாராவது கணக்குப் பார்க்க வேண்டும். என் பங்கை நான் ஒப்புக்கொள்கிறேன்.

நண்பர் பின்னால் டொரொன்டோ போய்ச் சேர்ந்தார். 2004ல் அங்கிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே, அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்காவில் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’ டி.வி.டி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: “கேட்டுப் பாருங்கள்.” பார்த்துப் பாருங்கள் என்றுகூட இல்லை. நான் அதுவரை டி.வி.டி. பிளேயர் வாங்கியிருக்கவில்லை. இந்தத் தட்டுக்காகவே பெங்களூர் போய் ஒன்று வாங்கிவந்தேன். தட்டை விழுங்கிய பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. பிறகு திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி: மண்டலம் தவறு.

கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒருவரிடம் எடுத்துப் போனேன். அது இன்னும் நாசூக்காக நடந்துகொண்டது. மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இன்னும் நான்கு தடவைதான் என்றது. 2000க்குப் பிறகு வந்த டிரைவுகளில் மொத்தம் ஐந்து தடவை மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தோடு உறைந்துவிடும். அவர் பையன் ஏற்கெனவே ஒன்றைச் செலவழித்திருந்தான். எனக்காக இன்னொன்றைச் செலவழிக்க அவருக்கு மனமில்லை. நியாயம்தான்.

கடைசியில் பாகலூர் ரோட்டில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் போனேன். முன்பு ஓசூரில் ஒரு கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சாமான் வாங்கப் போகும் இடத்தில் கன்னடம் என்று இந்த ஊருக்கே உரிய நாக்கு அவருக்கு. தட்டைத் திருப்பிப் பார்த்தார். “சார், டிஸ்க்லயும் கோளாறு இல்ல, பிளேயர்லயும் இல்ல. இது வேற ஏரியா பொட்டி. நம்ம ஏரியாவுல ஓடாது” என்றார்.

பட வியாபாரத்தில் புழங்கியவர்களுக்கு இந்த ‘ஏரியா’ புரியும். ஒரு தமிழ்ப் படம் விற்கப்படும்போது தமிழ்நாடு என்று ஒன்றாக விற்கப்படுவதில்லை. சென்னை நகரம், செங்கல்பட்டு, வடஆற்காடு தென்ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி தஞ்சாவூர், மதுரை ராமநாதபுரம், திருநெல்வேலி கன்னியாகுமரி என்று கூறுபோட்டு விற்கப்படும். வெளிநாட்டுக்கு எஃப்.எம்.எஸ். என்று ஒரு பொட்டலம். ஒரு ஏரியாவை வாங்கியவர் அடுத்த ஏரியாவில் படத்தை ஓட்ட முடியாது. இந்தக் கூறுகளின் பெயர்களைக் கவனிக்க வேண்டும். சேலத்திலிருந்து தர்மபுரி 1965ல் பிரிந்தது. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது இதே 2004 பிப்ரவரியில். பட வியாபாரத்தில் ஓசூர் அப்போதும் சேலம்தான். அட்டிபெலெ தாண்டினால் வியாபாரிகளுக்கு அது கர்நாடகம் அல்ல, ‘மைசூர்’. அந்த ராஜ்யத்தின் பெயர் 1973லேயே மாற்றப்பட்டுவிட்டது. தெலுங்குப் படக்காரர்களின் வரைபடம் இன்னும் விசித்திரம். அதில் ‘நிஜாம்’ இருக்கிறது. ராயலசீமைக்குப் பெயர் ‘சீடட்’, அதாவது 1800ல் நிஜாம் கும்பெனியாருக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்கள். நிஜாமும் கும்பெனியும் போன பிறகும் படப்பெட்டி அவர்கள் போட்ட கோட்டின்மேல்தான் போய்க்கொண்டிருந்தது.

ஓசூர் ஏன் சேலம்? பாரமகால் 1792 உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கும்பெனிக்கு வந்தது. மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதி, பாலாகாட், 1799ல் திப்பு விழுந்த பிறகு வந்து சேலத்தோடு சேர்க்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில் முடிவான எல்லை 1956ல் மொழிவாரி மாநில எல்லையாக ஏறக்குறைய நிலைத்து, எந்தப் படம் எந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. இதைச் சரித்திரம் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. ஆபரேட்டருக்குத் தெரிந்திருந்தது.

ஹாலிவுட் செய்தது இதையேதான், கொஞ்சம் பெரிய அளவில். டி.வி.டி. பிளேயர் முதலில் ஜப்பானில் 1996 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு படம் அமெரிக்கக் கொட்டகைகளில் ஓடி முடிந்து, மாதங்கள் கழித்தே மற்ற நாடுகளுக்குப் போகும்; பிரதிகளுக்கு ஆகும் செலவு அப்படி. அதற்குள் அமெரிக்கத் தட்டு வெளியே போய்விட்டால் மற்ற இடத்து வசூல் போய்விடும் என்று பயந்து உலகத்தை ஆறு ஏரியாவாகப் பிரித்தார்கள். (ஏழு காலி. எட்டு விமானம், கப்பல்.) தட்டில் ஒரு பைட், அதில் எட்டு பிட், ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்துக்கு அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லும். பிளேயரில் அதன் மண்டல எண் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் படம் கிடையாது. பூட்டு என்று பெரிதாகச் சொல்கிறோமே, விஷயம் அவ்வளவுதான்.

அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பா, ஜப்பான், மேற்கு ஆசியா, தென்னாப்பிரிக்கா 2. சிங்கப்பூர், மலேசியா 3. ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் 4. சீனா 6. நாம் 5, நம்மோடு இலங்கை, பாகிஸ்தான், ருஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, மங்கோலியா, வட கொரியா. ஜப்பானையும் டர்பனையும் ஒன்றாகக் கட்டிய அதே கை டர்பனை நைரோபியிலிருந்து பிரித்தது. பண்பாடோ, மொழியோ, ஏன் பூகோளமோகூட இதில் கிடையாது. யார் எவ்வளவு, எப்போது கொடுப்பார்கள் என்ற கணக்கு. தமிழனை இந்த வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் டொரொன்டோ 1, லண்டனும் பாரிஸும் டர்பனும் 2, கோலாலம்பூர் 3, ஸிட்னி 4, யாழ்ப்பாணமும் சென்னையும் 5. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூரில் செங்கல்பட்டையும் சென்னையையுமே பிரித்து விற்ற நம் பட வியாபாரிகள் டி.வி.டி.யில் பெரும்பாலும் இந்தப் பூட்டைப் போடவில்லை. வாங்குகிறவன் ஐந்து மண்டலத்திலும் சிதறிக் கிடக்கும்போது பூட்டினால் நஷ்டம் யாருக்கு?

பூட்டு திருட்டைத் தடுக்கவும் இல்லை. பர்மா பஜாரிலும் பெங்களூர் நேஷனல் மார்க்கெட்டிலும் கிடைத்த திருட்டுத் தட்டுகளை எந்த பிளேயரும் ஏற்றுக்கொண்டது. நகல் எடுக்கிறவன் முதலில் கழற்றுவது அந்தப் பூட்டைத்தான். காசு கொடுத்து வாங்கிய என் நண்பரின் தட்டுதான் ஓடவில்லை. 2009ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு இருபத்தைந்து அமெரிக்கப் படங்களின் டி.வி.டி.களைப் பரிசாகக் கொடுத்தார். அவை லண்டனில் ஓடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் உயர்ந்த ரகத்தைச் சேர்ந்ததல்ல.

எழுதுகிறவர்களான நமக்கு இது புதிதாகவும் இருக்கக் கூடாது. ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று அச்சிட்ட ஆங்கிலப் புத்தகங்கள் நம் அலமாரியில் இருக்கின்றன. 1947லிருந்து 1976 வரை பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, பழைய சாம்ராஜ்யம் முழுவதையும் தங்கள் ஏரியாவாக வைத்திருந்தார்கள். அமெரிக்க அரசு வழக்குப் போட்ட பிறகே அது கலைந்தது. 2012ல் நம் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, வெளிநாட்டில் முறையாக வெளியான பிரதியை இங்கே கொண்டுவந்து விற்கலாம் என்று மசோதாவில் இருந்த ஷரத்தைப் பதிப்பாளர்களின் எதிர்ப்பில் எடுத்துவிட்டார்கள். நாம் அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த 2004ல் எங்கள் எல்லையிலேயே ஒரு சம்பவம் நடந்தது. பிறமொழிப் படங்கள் ஏழு வாரம் கழித்துத்தான் கர்நாடகத்தில் வெளியாக வேண்டும் என்று அங்குள்ள திரைத்துறையினர் முடிவு செய்தார்கள். கன்னடப் படங்களுக்கு ஏற்பட்ட நெருக்கடியில் அவர்களுக்கு அது தற்காப்பு. அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? ஓசூர்க் கொட்டகைகளுக்கு வெளியே கர்நாடகப் பதிவெண் ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. பெங்களூரில் வேலை பார்த்த தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்டி வந்து படம் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்களில் தமிழர் அல்லாதவர்களும் இருந்தார்கள். நான் படத்தைத் தேடிப் பெங்களூர் போன பாதையில் அவர்கள் எதிர்த்திசையில் வந்தார்கள்.

என் பிளேயருக்குத் திரும்புகிறேன். ரிப்பேர்க்காரர் அதைப் பிரிக்கவே இல்லை. தட்டு இல்லாமல் கதவைத் திறந்து வைத்து, ரிமோட்டில் நாலைந்து எண்களை அழுத்தினார். திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் 5 என்று இருந்ததை 0 ஆக்கினார். தயாரித்தவர்களே உள்ளே வைத்திருக்கும் வழிதான். உலகம் முழுக்க ஒரே பெட்டியைச் செய்துவிட்டு, கடைசியில் நாட்டுக்குத் தக்கபடி எண் போட அவர்களுக்கு அது வேண்டும். “எண்ணு எங்கே கத்துக்கிட்டீங்க தம்பி?” என்றேன். “எஸ்.பி. ரோட்டுல சார். டீ வாங்கிக் குடுத்தா சொல்லுவாங்க” என்றார். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் வேறொரு தடை. அமெரிக்கத் தட்டு என்.டி.எஸ்.ஸி. முறை, என் பழைய டி.வி. பால் முறை. அப்படிப் போட்டால் படம் ஓடும், வர்ணம் போய்விடும். இந்தப் படம் 1955ல் வெளிவந்தபோதே கறுப்பு வெள்ளை.

ஹரிஹர் திரும்பி வந்தான். பொருள்களைக் காட்டினான். புடவையைக் காட்டினான். சர்பஜயாவின் வாய் திறந்தது. வந்தது அவள் குரல் அல்ல. தார் ஷெனாய், மேல் ஸ்தாயியில். அவள் அழுகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரே வாத்தியத்தை வைத்திருக்கிறார். நான் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். ஐந்தாறு தடவை கேட்டேன். இருபது வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஓலம் எங்கள் ஊர்ச் சாவு வீடு ஒன்றிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். யாருடையது என்றும் எனக்கு இப்போது தெரிகிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. ரே அழுகையை அழுகையாக விடவில்லை. அவரும் அதை இசையாக்கினார். நம் சினிமாவும் இசையாக்குகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அது நான் சொன்ன வித்தியாசம் அல்ல.

இன்னொன்று. அந்தப் படத்தின் மூல நெகடிவ் 1993ல் லண்டனில் ஒரு லேபரட்டரி தீ விபத்தில் சேதமடைந்தது. பிறகு இத்தாலியில் பொலோன்யாவில் வருஷக்கணக்கில் செப்பனிட்டு, 2015ல் அமெரிக்காவில் க்ரைடீரியன் நிறுவனம் மூன்று அபு படங்களையும் புளூரேயாக வெளியிட்டது. அக்காள் மகன் வாங்கிவந்து கொடுத்தான். புளூரேயில் மண்டலங்கள் மூன்றுதான்: ஏ, பி, ஸி. அமெரிக்கா ஏ, இந்தியா ஸி. வங்காளத்துக் கிராமத்தில் எடுத்த படம், லண்டனில் எரிந்து, இத்தாலியில் பிழைத்து, ஓசூரில் ஓடாது. ரிப்பேர்க்காரரிடம் எடுத்துப் போனேன். கடை இப்போது செல்ஃபோன் கடை. இதற்கு ரிமோட்டில் வழி இல்லை, போர்டையே கழற்ற வேண்டும், அந்தப் பாகமும் இனி கிடைக்காது என்றார். 2016ல் வந்த அல்ட்ரா எச்.டி. தட்டுகளில் மண்டலப் பூட்டே இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். தட்டு வாங்க ஆள் குறைந்த பிறகு பூட்டை எடுத்துவிட்டார்கள். பெட்டியோடு வந்த கையேட்டை இரண்டு தடவை படித்துவிட்டேன்.

நண்பருக்கு 2004லேயே எழுதிவிட்டேன். பத்திரிகை நின்றுபோய்விட்டதால் வாசகர்களுக்குத் தெரிவிக்க இதுவரை வழி இல்லாமல் இருந்தது. அந்த இதழை இன்னும் வைத்திருப்பவர்கள், என் கட்டுரையில் ‘சர்பஜயாவின் ஓலம்’ என்று வரும் இடங்களில் எல்லாம் ‘தார் ஷெனாய்’ என்று திருத்திக்கொள்ளவும். அதற்கு அடுத்த இரண்டு பக்கங்களை அடித்துவிடவும்.