தொடாமல் கொடுப்பது

கம்பத்தில் என் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. சில நாள் அதைத் தொட்டால் ஒன்றும் செய்யாது. சில நாள் சுள்ளென்று 'ஷாக்' அடிக்கும். "முட்டுற மாடு மாதிரி, எப்ப முட்டும்னு சொல்ல முடியாது" என்பாள் பாட்டி. பார்க்க வந்த மெக்கானிக் கேட்டது ஒரே கேள்விதான்: "பிளக்கை எந்தப் பக்கம் திருப்பிச் சொருகுனீங்க?"

மாட்டின் குணம் பிளக்கில் இருந்தது!

அந்த மின்சாரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பெரியாற்று நீர் 1895-ல் மலையைக் குடைந்த வழியாக எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது சும்மா விழுந்துகொண்டிருந்தது. 1958-ல்தான் லோயர் கேம்ப் மின்நிலையம் அதனிடம் வேலை வாங்கத் தொடங்கியது.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். வால்வைச் சூடாக்க வேண்டியதோ 6.3 வோல்ட், அதன் தகட்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 250. ஒரே கம்பியிலிருந்து இரண்டையும் தருவது டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடுகளின்மேல் ஒரு சுருள். அதைத் தொடாமல் வேறு சில சுருள்கள். சுற்றின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி வோல்ட். கம்பியும் கம்பியும் சேர்வதில்லை. காந்த சக்திதான் நடுவே தூது போகிறது. 1831-ல் லண்டனில் பாரடே கண்ட அதிசயம் இது. 1885-ல் புடாபெஸ்ட் பொறியாளர்கள் மூவர் அதை ஊருக்கு உபயோகமாக்கினார்கள்.

ஆனால் இரும்புக்கும் செம்புக்கும் விலை உண்டல்லவா? சில ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. நேர்மின்சாரம் வழங்கிய ஊர்களில் அது வேலை செய்யாது என்ற நியாயமும் இருந்தது. வால்வுகளை வரிசையாகக் கோத்து, மின்கம்பி ஒன்றை உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பிளக் திரும்பினால் சட்டம் முழுதும் உயிர்ப்பு! தாத்தாவின் ரேடியோ அந்த ஜாதி.

"பிள்ளைங்க இருக்கிற வீடு" என்று மெக்கானிக் அதை மூலையில் வைத்துவிட்டார். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு ஓர் 'எலிமினேட்டர்' செய்து தந்தார்: சிறு டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, ஒரு கண்டென்ஸர், 3, 6, 9 வோல்ட்டுக்குத் தனித்தனி முனை. பெட்டி பழைய மரம், டையோடு பழைய சரக்கு. இரண்டு சுருளுக்கும் நடுவே வைத்த காகிதம் மட்டும் புதிது. ஒன்றுக்கு மூன்றாகச் சுற்றினார்.

"எதுல வேணா மிச்சம் பிடிக்கலாம், தம்பி. இதுல மட்டும் பிடிக்கப்படாது."

இன்று கைபேசிச் சார்ஜருக்குள்ளும் அதே இடைவெளிதான் இருக்கிறது. மலிவான ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் அந்தக் காகிதத்தை நினைத்துக்கொள்கிறேன்.